தாருக்கு ஓர் எடுத்துக்காட்டு

விசாரணை மதியம் இரண்டு மணிக்கு. ஆனால் காலை பத்தரைக்கே முற்றுப்புள்ளி அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அகராதி அலுவலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவரிடம் வந்து முடிந்துவிடும். அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை வைத்தவன் அவள் கணவன். சொற்களுக்குப் பொருள் எழுதுவது அவளுக்கு வேலை, பிடித்த பிடியை விடாதது அவளுக்குக் குணம். இரண்டையும் சேர்த்துக் கல்யாணமான முதல் மாதத்திலேயே 'அகராதி' என்று கூப்பிட ஆரம்பித்தான். "ஏய் அகராதி, என் சட்டையை எந்த எழுத்துல அடுக்கி வச்சிருக்கே?" என்பான். பெயர் அலுவலகம்வரை வந்து ஒட்டிக்கொண்டது. வைத்தவன் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

மேஜைமேல் மூன்று பொருள்கள் இருந்தன. விசாரணை அதிகாரி அனுப்பிய அழைப்பாணை. அகராதியின் புதிதாக அச்சான தொகுதி. பிறகு ஓர் அட்டை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அவளுடைய கையெழுத்தில்.

"வாசிங்க," என்றார் முற்றுப்புள்ளி.

"எனக்குத் தெரியும் ஐயா."

"தெரியும்னு தெரியும். வாசிங்க."

அவள் வாசித்தாள். "தார். சாலையில் ஜல்லியை ஒட்டவைப்பதற்காகச் சூடாக்கி ஊற்றப்படும் கரிய பொருள். எடுத்துக்காட்டு: 'தண்ணி நிக்குதான்னு பாக்காமத்தான் தார் ஏத்தறோம்.' தார்க்கலவை ஆலைத் தொழிலாளி, வாய்மொழி." கீழே தேதி இருந்தது. அவள் கணவன் சாவதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி.

அவன் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த தார்க்கலவை ஆலையில். லாரியில் வரும் கொதிக்கும் தாரை ஆலையின் பெரிய தொட்டிக்குக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். தொட்டியின் தலையில் ஒரு வாய். அதன் பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்துக்கொள்வது அவன் பொறுப்பு. தொட்டியின் அடியில் மழைத் தண்ணீர் ஒரு குடம் தேங்கி நின்றால் போதும். அதன்மேல் கொதிக்கும் தார் விழுந்ததும் தண்ணீர் ஒரே மூச்சில் ஆவியாகித் தாரையும் தூக்கிக்கொண்டு வாய் வழியாகப் பொங்கும். அன்றைக்குப் பொங்கியது.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்றியது அவனுடைய தவறு என்று ஆலை சொன்னது. இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. ஆலையின் வக்கீல் கெட்டிக்காரர். எங்கேயோ அகராதித் தொகுதியைப் பிடித்து, அதில் வேலை பார்ப்பவள் அவன் மனைவி என்றும் தெரிந்துகொண்டு, செத்தவனே ஒப்புக்கொண்டதாக அந்த ஒற்றை வரியைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். இன்றைக்கு அட்டையும், அட்டையை எழுதியவளும் போக வேண்டும். அந்த வரி நின்றுவிட்டால், 'பணியாளரின் கவனக்குறைவு' என்று அறிக்கையில் எழுதி, கோப்பை மூடிவிடுவார்கள்.

"இது அவர் சொன்னதுதானே?" என்றார் முற்றுப்புள்ளி.

"சொன்னதுதான் ஐயா. ஆனா இவ்வளவு மட்டும் சொல்லல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நார் எடுத்தீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். அந்த அலுவலகத்தில் எல்லோரும் நார் எடுப்பார்கள். மனிதர்கள் பேசும்போது ஒரு வாக்கியத்தில் ஒன்பது சங்கதி வரும். அட்டையில் எடுத்துக்காட்டுக்கு இரண்டு வரிதான் இடம். தலைச்சொல்லை விளக்காததையெல்லாம், பீன்சுக்கு நார் உரிப்பதுபோல, இரண்டு பக்கமும் உரித்துப் போட்டுவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த விதி அல்ல அது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே கைக்குப் படிந்துவிடும். பென்சிலால் எழுதிய முதல் துண்டுச்சீட்டை, அட்டை சரிபார்க்கப்பட்டதும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அவளும் கிழித்துப் போட்டிருந்தாள்.

"முன்னுரையில நான் என்ன எழுதியிருக்கேன்?"

"'எடுத்துக்காட்டுகள் அனைத்தும் பேசியவர் வாயிலிருந்து வந்தபடியே தரப்பட்டுள்ளன.'"

"அங்க போய் நீங்க 'நான் வெட்டினேன்'னு சொன்னா, ஒரு வாக்கியத்தை வெட்டினதா ஆகாது. எண்பதாயிரம் அட்டையும் சந்தேகம். நாளைக்கு எவனும் இதைத் தொடமாட்டான்." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "முப்பத்திரண்டு வருஷம்மா. பொய் சொல்லச் சொல்லல. 'இது நான் எழுதின அட்டை, அவர் சொன்ன வார்த்தை.' அவ்வளவு சொல்லிட்டு இறங்கிடுங்க. ரெண்டுமே உண்மைதானே?"

"உண்மைதான் ஐயா."

"அப்புறம் என்ன?"

அதற்குமேல் பேச அவர் அறையில் யாருக்கும் வழக்கமில்லை. அவள் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்க. தையல் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள்.

"என்ன சொல்றார் உங்க பெரிய மனுஷர்?"

"அட்டை சரின்னு சொல்லிட்டு வரச் சொல்றார்."

"சொல்வார், சொல்வார். செத்தது அவர் அண்ணனா?" நாத்தனார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீங்க முதல்ல ஒரு சீட்டுல எழுதுவீங்கன்னு சொன்னீங்களே, பென்சில்ல. அது இப்ப இருந்திருந்தா?"

"கிழிச்சாச்சு."

"கிழிச்சது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? சீட்டு இருக்கு, பென்சில் இருக்கு, கையும் உங்க கைதான். அண்ணன் சொன்னதைத்தானே எழுதப் போறீங்க? வெட்டின துணிக்கு ஒட்டுப் போடறது என்ன பாவமா?"

"ஒட்டு தெரியும்டி."

"நான் போட்டா தெரியாது," என்றாள் நாத்தனார். சட்டென்று அவள் முகம் கோணியது. "எங்க அண்ணன் பொறுப்பில்லாதவன்னு சர்க்கார் காகிதத்துல எழுதி வைக்கப் போறாங்க அண்ணி. அடுப்பை அணைச்சாச்சான்னு மூணு தடவை திரும்பி வந்து பார்க்கறவன் அவன். வீட்டைப் பூட்டிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரைக்கும் போய், மறுபடியும் வந்து இழுத்துப் பார்ப்பான். அவனா பார்க்காம ஏத்தினான்? அதுவும் உங்க எழுத்துல."

கடைசி மூன்று சொற்களையும் அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் கீழே நிக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அகராதி இழுப்பறையைத் திறந்தாள். வெற்றுத் துண்டுச்சீட்டுகள் ஒரு கட்டு இருந்தன. போன வருடத்துக் கட்டுதான், ஓரம் பழுத்திருந்தது. பென்சிலை எடுத்தாள். மணி பதினொன்றேகால்.

அந்தச் சாயங்காலத்தை அவள் எத்தனை தடவை உருட்டிப் பார்த்திருப்பாள்! கணவன் வேலைவிட்டு வந்து, தேநீர் டம்ளரோடு சமையலறை மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் 'தா' வரிசை அட்டைகளை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள்.

"என் தொழிலுக்கு வந்துட்டியா?" என்றான் எட்டிப் பார்த்து. "தாருக்கு என்ன போட்டிருக்கே?"

"ஒரு தாருக்குப் பூமாலை. வாழைக்குலை. படையோட முன்னணி. கிளி கழுத்துல வளையமா ஒரு கோடு இருக்கும் பாரு, அதுவும் தார்தான்."

"கிளிக்கெல்லாம் இருக்கு, எனக்கு இல்லையா?"

"உன் தார் தனிப் பதிவு. அது இங்கிலீஷ்லேர்ந்து வந்தது. ஒரே மாதிரி இருக்குங்கறதுக்காக ஒரே வீட்டுல குடிவைக்க முடியாது."

"வந்தேறியா? நல்லா இருக்கே கதை. வந்தது எங்கேர்ந்து, அதைச் சொல்லு."

அவளுக்கு அதுதான் பிடித்த இடம். அந்தச் சொல்லின் பழைய வடிவத்துக்கு மரத்திலிருந்து வடிவது என்று பொருள் இருந்ததையும், பைன் மரக் கட்டையை எரித்துத்தான் முதலில் தார் எடுத்தார்கள் என்பதையும் சொன்னாள். "தேவதாருன்னு சொல்றோமே, அந்தத் தாருவும் இதுவும் எங்கேயோ பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஒரே வேர்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. மரம்னு அர்த்தம்."

"அப்ப நான் தினமும் தொட்டி ஏறல, மரம் ஏறுறேன்." அவன் டம்ளரை வைத்தான். "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நாங்க ஊத்தறது தாரே இல்ல. நிஜத் தார் நிலக்கரியிலேர்ந்து வந்தது, அது எங்க அப்பா காலத்தோட சரி. இப்ப வர்றது பெட்ரோல் காய்ச்சினதுக்கு அப்புறம் அடியில மிஞ்சற பிட்டுமன். சரக்கு மாறிடுச்சு, பேர் மட்டும் மாறல. அதையும் எழுதிக்கோ."

"எழுதிக்கறேன். மக்காடம்னு சொல்வீங்களே, அது என்ன தெரியுமா?"

"ஜல்லி போட்டு அமுக்கறது."

"அது ஒரு ஆளோட பேரு. அந்தக் காலத்து ரோடு இன்ஜினியர். அவர் போட்ட ரோட்டுல தாரே கிடையாது. உடைச்ச கல்லு மட்டும்தான். தாரை அவர் பேரோட ஒட்டவச்சது பின்னால வந்தவங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாவம்டி! தினமும் அந்த மனுஷன் மேலயா ரோலர் விட்டுக்கிட்டிருக்கோம்?"

அதுவரைக்கும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அவள், "எனக்கு ஒரு எடுத்துக்காட்டு வேணும், தாருன்னு வர்ற மாதிரி ஏதாவது பேசு" என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, சிரிப்பு அடங்காமலே, பேசினான். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு இருப்பதையும், அது இறுகிப்போய்த் திறக்க வராததையும், சொல்லிச் சொல்லிப் பார்த்தும் மாற்றவில்லை என்பதையும். நீளமாகத்தான் சொன்னான். அவள் பென்சிலால் எழுதியபடியே, 'வால்வுக்கு வா வரிசை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தாள். முன்னால் வந்ததையெல்லாம் உரித்துவிட்டுக் கடைசித் துண்டை மட்டும் மையில் எழுதினாள். நல்ல எடுத்துக்காட்டு என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள்.

வால்வு இறுகியிருக்கிறது என்று கேட்டவள், 'அப்படியானால் நாளைக்கு மேலே ஏறாதே' என்று சொல்லவில்லை.

இப்போது சீட்டில் எழுதினாள். 'அடி வால்வு இறுகிப் போயி மூணு...'

பென்சில் நின்றது. மூணு வாரமா, மூணு மாசமா? வாரம் என்றுதான் சொன்னான். இல்லை, மாசம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டம்ளர் தெரிந்தது. அவன் நகக்கண்ணில் இருந்த கறுப்பு தெரிந்தது. குரல் வரவில்லை. 'மூணு வாரமாச்சு' என்று எழுதினாள். 'எழுதிக் குடுத்தும் கேக்கல, வாய் வார்த்தையா சொல்லியும் கேக்கல, தண்ணி நிக்குதான்னு பாக்காமத்தான் தார் ஏத்தறோம்.' படித்துப் பார்த்தாள். வாக்கியம் அழகாக இருந்தது. அவன் இவ்வளவு அழகாகப் பேசமாட்டான். எழுதிக்கொடுத்ததாகச் சொன்னானா, இல்லை அது அவளாகச் சேர்த்ததா? அதுவும் தெரியவில்லை.

பதினெட்டு வருடம் பிறர் வாக்கியத்தை உரித்துப் பழகிய கை, இப்போது சதை வைத்துத் தைக்கப் பார்க்கிறது. அவள் சீட்டை நாலாகக் கிழித்தாள். பிறகு எட்டாக.

விசாரணை நடந்த அறை சின்னது. மின்விசிறி ஒன்று, நீள மேஜை ஒன்று, சுவரோரமாக ஒரு பெஞ்சு. மேஜையின் தலைமாட்டில் விசாரணை அதிகாரி, நரை விழுந்த, சுருக்கமாகப் பேசும் பெண். ஒரு பக்கம் வக்கீலும் ஆலை மேனேஜரும். பெஞ்சின் ஒரு நுனியில் முற்றுப்புள்ளி குடையைப் பிடித்தபடி. மறு நுனியில் கரண்டி.

கரண்டி அவள் கணவனோடு ஒரே தொட்டியில் வேலை பார்த்தவன். சோதனைக்குத் தார் எடுக்கும் நீளக் கரண்டியோடே திரிவதால் அந்தப் பெயர். இப்போது அந்தத் தொட்டி வாய்க்குப் பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன்தான். 'வால்வு உட்பட எல்லாம் நல்ல நிலையில் இருந்தது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். சாவுக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டான். இப்போதும் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் எழுந்து தொகுதியைப் பிரித்தார். எதையும் விடக்கூடாது என்ற பிடிவாதக்காரர் போலிருக்கிறது. "தார். பூமாலை. வாழைக்குலை. படையின் முன்னணி. கிளியின் கழுத்து..."

"வக்கீல் சார்," என்றார் அதிகாரி, "கிளியைப் பறக்க விட்டுட்டு நமக்கு வேண்டிய தாருக்கு வாங்க."

மேனேஜர் சிரித்தார். வக்கீல் சிரிக்காமல் அடுத்த பதிவை வாசித்து, எடுத்துக்காட்டை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். வேறொருவர் குரலில் அது அகராதிக்கே அப்பட்டமான ஒப்புதலாகவே கேட்டது.

அதிகாரி அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான்."

"உங்க கணவர் சொன்னதா?"

பெஞ்சில் முற்றுப்புள்ளியின் குடை லேசாக நகரும் சத்தம் கேட்டது. ஆமாம் என்று சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம்.

"சொன்னதுல ஒரு துண்டு," என்றாள்.

வக்கீல் தொகுதியின் முதல் பக்கத்துக்குப் போனார். "துண்டா? 'பேசியவர் வாயிலிருந்து வந்தபடியே'ன்னு முன்னுரையில போட்டிருக்கே!"

"முன்னுரையில போட்டிருக்கறது தப்புங்க. நாங்க வெட்டுவோம். இதை வெட்டினது நான்."

குடை தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அதாவது," வக்கீல் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தார், "உங்க அகராதியை நம்பக்கூடாது. உங்களை மட்டும் நம்பணும். செத்தவரோட சம்சாரத்தை."

"நம்பச் சொல்லலைங்க. நடந்ததைச் சொல்றேன்."

"முழுசையும் சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

"தொட்டியோட அடி வால்வு இறுகிப் போச்சுன்னார். அதைத் திறந்து தண்ணி வடிச்சாத்தான் தண்ணி நிக்குதான்னு தெரியும். திறக்க வரலைன்னார். மூணு வாரமோ மூணு மாசமோ ஆச்சுன்னார். மேல சொன்னதாச் சொன்னார். எழுதிக் குடுத்தாரா, வாயால சொன்னாரான்னு எனக்கு நிச்சயமில்லை. கடைசியில இந்த வரி."

"வாரமா, மாசமா?" என்றார் வக்கீல்.

"தெரியலைங்க."

"பதினோரு மாசமா யோசிச்சுமா தெரியல?"

"யோசிக்க யோசிக்கத்தான் தெரியாம போகுது."

வக்கீல் கையை விரித்தார். "வாரமும் தெரியல, மாசமும் தெரியல, எழுதினதும் தெரியல, சொன்னதும் தெரியல. ஆனா வால்வு மட்டும் தெரியும்! அம்மா, மூணு மாசம் ஒரு வால்வு திறக்காமக் கிடந்தா அந்த ஆலை ஓடுமா? சின்னக் குழந்தை நம்புமா, மூணு மாசம்..."

"வாரம்."

மின்விசிறிச் சத்தத்தில் யார் சொன்னது என்று முதலில் புரியவில்லை. அதிகாரி தலையைத் திருப்பினார். கரண்டி இன்னும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னீங்க?"

"மூணு வாரம்தாங்க." அவன் நிமிராமலே சொன்னான். "மாசம்னு எழுதிடாதீங்க. மழை பிடிச்ச வாரத்துலதான் இறுகிச்சு. மூணு மாசம்னா அவனே சம்மட்டியால உடைச்சுப் போட்டிருப்பான்."

"டேய்," என்றார் மேனேஜர்.

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "வால்வு நல்ல நிலையில் இருந்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு. நீங்க வந்து பார்த்தப்ப." கரண்டி முதல்முறையாக நிமிர்ந்தான். "புதுசு. அவன் போன மறுநாள் காலையில நான்தான் மாட்டினேன். மாட்டச் சொன்னாங்க."

"பழசு எங்கே?"

அவன் ஒரு தடவை மேனேஜரைப் பார்த்தான். "என் பெட்டியில. பித்தளைங்க. வித்துடலாம்னு எடுத்து வச்சேன். அப்புறம் விக்க மனசு வரல."

"வழக்கமான பராமரிப்புங்க அது," என்றார் மேனேஜர் அவசரமாக. "பழசும் நல்ல வால்வுதான். முன்னெச்சரிக்கையா மாத்தினோம்."

"அப்ப பழசைத் திருகிப் பார்த்துடலாமே," என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

வராந்தாவில் முற்றுப்புள்ளி குடையின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அகராதி அவர் முன்னால் போய் நின்றாள். "நாளைக்கு வந்து மேஜையைக் காலி பண்ணிடறேன் ஐயா."

"நாளைக்கு வந்து முதல் எழுத்துலேர்ந்து அட்டைகளை எடுங்க. பேசினவங்களையே தேடிப் போய், எத்தனை வெட்டியிருக்கோம்னு பார்க்கணும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எண்பதாயிரம். எனக்கு ஆயுசு போதுமா?" என்றார். அது கேள்வியாகவே நின்றது.

ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்கு முன்னால் ஒரு தார் லாரி நின்றுகொண்டிருந்தது. அதிகாரி காரிலிருந்து இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "ஏத்தறதை நிறுத்துங்க." அகராதி தொட்டியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினோரு மாதத்தில் இப்போதுதான் அங்கே கால் வைக்கிறாள்.

கரண்டி தன் தகரப் பெட்டியைத் திறந்து, சாக்கில் சுற்றிய வால்வை எடுத்துவந்து பணிமேஜைமேல் வைத்தான். அதன் வாய் இரண்டு பக்கமும் கறுப்பாக அடைபட்டிருந்தது. அதிகாரி கைப்பிடிச் சக்கரத்தைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை.

"ஆறிப்போன தார் இறுகத்தானே செய்யும்?" என்றார் வக்கீல். "வெண்ணெயா அது? சூடு பண்ணிப் பாருங்க, தானா சுத்தும். தொட்டியில எப்பவும் சூடாத்தானே இருந்தது?"

நியாயமான பேச்சு. அகராதிக்கே அது நியாயமாகப் பட்டது. கரண்டியைப் பார்த்தாள். அவன் முகத்திலும் பயம் இருந்தது. சூட்டில் சுற்றிவிட்டால், எல்லாம் முடிந்தது. அவன் வேலையும் போகும், அவள் சொன்னதும் பொய்யாகும், செத்தவன் செத்தபடியே குற்றவாளி.

கரண்டி சூடு காட்டும் காஸ் விளக்கைப் பற்றவைத்தான். நீல நாக்கு வால்வைச் சுற்றிச் சுற்றி நக்கியது. முதலில் வாடை வந்தது. கணவனின் சட்டையை அவள் மடிக்கும்போதெல்லாம் வந்த அதே வாடை. பிறகு அடைப்பு பளபளத்தது. ஒரு சொட்டு நீண்டு, தொங்கி, அறுந்து மணலில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நூலாக வடிந்தது. லாரிக்காரன்கூட இறங்கிவந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தார் முழுக்க வடிந்து, வால்வின் வாய் வழியாக உள்ளே இருந்த தகடு தெரிந்தது.

"திருகுங்க," என்றார் அதிகாரி.

கரண்டி தடித்த கையுறை போட்டுக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அசையவில்லை.

"நடிக்கறான்," என்றார் மேனேஜர். "நம்ம ஃபிட்டரைக் கூப்பிடுங்க."

ஃபிட்டர் வந்தார். ஆள் கதவு மாதிரி இருந்தார். முழ நீள ஸ்பானரை மாட்டி, காலை ஊன்றி, மேஜையோடு சேர்த்து வால்வையே தூக்கினாரே தவிர, சக்கரம் நூலளவும் சுற்றவில்லை. குனிந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "தண்டு வளைஞ்சிருக்கு மேடம். மரையும் தின்னு போயிருக்கு. இதைச் சூடு பண்ணாலும் ஒண்ணுதான், சூடு பண்ணாட்டியும் ஒண்ணுதான். இது ரொம்ப நாள் சங்கதி" என்றார். மேனேஜர் கண்ணைக் காட்டியது அவருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. "ஏன், நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அதிகாரி எழுத்தரைக் கூப்பிட்டு அங்கேயே, நின்றபடியே சொன்னார். வடிகால் வால்வு இயங்காத நிலையில் இருந்தது, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் வழி பணியாளருக்கு இல்லை, பணியாளரின் கவனக்குறைவு என்ற வாசகம் நீக்கப்படுகிறது, மறு உத்தரவு வரும்வரை இந்தத் தொட்டியில் தார் ஏற்றக் கூடாது. எழுத்தரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரன், "அப்ப நான் சரக்கை எங்க கொண்டுபோய்க் கொட்ட?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான்.

கரண்டி விளக்கை அணைத்துவிட்டு அகராதியின் பக்கத்தில் வந்து நின்றான். "எனக்கு நாளைக்கு வேலை இருக்காது அண்ணி."

"எனக்கும் இருக்கான்னு சரியாத் தெரியல."

"அன்னைக்கு வாசல்லயே நின்னுட்டேன்."

"பார்த்தேன்," என்றாள். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் அவனை மன்னித்துவிட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் பக்கத்திலிருந்து நகர்ந்து போகவும் இல்லை.

வால்வு ஆறியதும் அதிகாரி யாரையும் தொடவிடாமல், தானே அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தார். திரும்பி வந்தபோது இரண்டு உள்ளங்கையும் கறுத்திருந்தன. கைக்குட்டையால் துடைத்தார். கறுப்பு கைக்குட்டைக்கும் பரவியது. ஓரமாக இருந்த குழாயைத் திறந்து தேய்த்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கறுப்பு அப்படியே இருந்தது.

"தண்ணியில போகாதுங்க," என்றாள் அகராதி. "வீட்டுக்குப் போய்ச் சமையல் எண்ணெய் போட்டு ஊறவச்சு, பழந்துணியால துடைங்க. அப்புறம் சோப்பு."

அதிகாரி தன் கைகளைப் பார்த்தார். "போயிடுமா?"

"கையில ஒரு நாள்ல போயிடும். நகக்கண்ணுல கொஞ்ச நாள் இருக்கும்."